மகள் பாடியது, மகன் பாடியது

நேயர்களுக்கு வணக்கம். உங்களில் யாராவது கிடார் வகுப்புக்குப் போயிருந்தால் இந்தப் பாட்டிலிருந்து தப்பித்திருக்க முடியாது. ஏ மைனர், சி, டி, எஃப் என்று கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, மாறிக்கொண்டே போகும். தந்திகளை ஒவ்வொன்றாக மீட்ட வேண்டும். என் விரல் நுனி காய்த்துப்போனதும் இதில்தான். பாட்டின் பெயர் 'ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்'. தமிழில் 'உதயசூரியன் வீடு' என்று சொல்லலாம். தேர்தல் சமயத்தில் வானொலியில் சொல்லத்தான் யோசனையாக இருக்கும்!

இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த தி அனிமல்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் சொந்தப் பாட்டு இது என்றே வெகுநாள் நம்பியிருந்தேன். 1964 மே மாதம் லண்டனில் ஒரே டேக்கில் பதிவு செய்தார்கள். நாலரை நிமிடம் ஓடும். மூன்று நிமிடத்துக்குள் முடிகிற பாட்டுகளின் காலம் அது. ஆனாலும் அந்த ஆண்டே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

அதற்கு 27 ஆண்டுகள் முன்னால் போவோம். 1937 செப்டம்பர், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மிடில்ஸ்பரோ என்ற ஊர். நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ள பக்கம். ஆலன் லோமாக்ஸ் என்ற 22 வயது இளைஞர் கனமான ஒலிப்பதிவு இயந்திரத்தோடு ஊர் ஊராகப் போய் நாட்டுப்பாடல்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். ஜார்ஜியா டர்னர் என்ற 16 வயதுப் பெண் அவருக்கு இந்தப் பாட்டைப் பாடிக் கொடுத்தாள். பக்கவாத்தியம் கிடையாது. வெறும் குரல்.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் உள்ள 'உதயசூரியன்' என்ற வீட்டுக்குப் போய் வாழ்க்கை கெட்டுப்போன கதைதான் பாட்டு. அவள் பாட்டில் கெட்டுப்போனது ஒரு பெண். அம்மா தையல்காரி. காதலன் குடிகாரன். கடைசியில், 'என் தங்கையிடம் போய்ச் சொல்லுங்கள், நான் செய்ததை அவள் செய்ய வேண்டாம்' என்கிறாள். அனிமல்ஸ் பாட்டில் அந்தப் பெண் ஒரு பையனாகிவிட்டான். அம்மா அதே தையல்காரிதான். காதலன் காணாமல் போய், அவன் இடத்தில் சூதாடி அப்பா வந்து உட்கார்ந்துவிட்டார். தங்கைக்குச் சொன்ன சொல், 'தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்' என்று ஊருக்கே சொல்லும் புத்திமதியாகிவிட்டது. எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது. தங்கைக்கு என்று சொல்லும்போது கண்முன் ஒரு முகம் வருகிறது. தாய்மார்களே என்றதும் மேடைப் பேச்சுக் களை வந்துவிடுகிறது.

ஆனால் பெண்தான் மூலம், ஆண் அப்புறம் வந்தவன் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. 1933-லேயே கிளாரன்ஸ் ஆஷ்லி என்ற நாட்டுப்புறப் பாடகர் இதை ஆண் கதையாகவே இசைத்தட்டில் பாடியிருக்கிறார். தாத்தாவிடம் கற்றுக்கொண்டதாக அவர் சொன்னார். தாத்தா யாரிடம் கற்றாரோ!

நடுவில் நியூயார்க்கில் ஒரு கூத்து நடந்தது. டேவ் வான் ராங்க் என்ற பாடகர் இந்தப் பாட்டுக்குப் புதிதாகக் கார்டுகள் அமைத்து மேடைகளில் பாடிவந்தார். இளம் பாடகர் பாப் டிலன் ஒருநாள் வந்து, "உங்கள் அமைப்பை என் ஆல்பத்தில் பாடிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். "நானே பதிவு செய்யலாமென்று இருக்கிறேனே" என்றார் வான் ராங்க். டிலன் ஏற்கெனவே பதிவு செய்து முடித்திருந்தார்! 1962-ல் ஆல்பம் வந்தது. டிலன் அதில் பெண்ணாகவே பாடுகிறார். அப்புறம் வான் ராங்க் பாடினால், டிலனைக் காப்பியடிக்கிறார் என்றார்கள். இரண்டு வருடத்தில் அனிமல்ஸ் வந்தார்கள். டிலன் பாடினால், அனிமல்ஸைக் காப்பியடிக்கிறார் என்றார்கள். டிலனும் பாடுவதை நிறுத்திவிட்டார் என்று வான் ராங்க் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அனிமல்ஸ் இசைத்தட்டின் லேபிளில் 'மரபுப் பாடல், அமைப்பு: பிரைஸ்' என்று இருக்கும். ஆலன் பிரைஸ் அந்தக் குழுவின் ஆர்கன் கலைஞர். ஐந்து பேர் பெயருக்கும் லேபிளில் இடம் போதவில்லை என்று காரணம் சொன்னார்களாம். எல்லோரும் தடவித் தடவிப் பழகும் அந்த கிடார் மீட்டலை வாசித்த ஹில்டன் வேலன்டைன் பெயர்கூட அதில் இல்லை. ஜார்ஜியா டர்னர் எங்கே இருக்கப்போகிறாள்?

1980-ல் அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் இதைப் பாடியபோது பாட்டு மறுபடி பெண் குரலுக்கு வந்தது. நன்றாகத்தான் பாடியிருக்கிறார். ஆனாலும் இன்று உங்களுக்காக நான் எடுத்து வந்திருப்பது அந்த 1937 பதிவு. தட்டு இரைச்சல் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கை வரும் இடத்தைக் கவனியுங்கள்.