முதலில் உழைப்பைச் சொல்லுவோம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

நெடுங்காலம் வாழ்ந்து மறைந்த ஒரு பாட்டியை நினைவுகூரும்போது முதலில் சொல்ல வேண்டியது அவர் பொழிந்த அன்பையா, அவர் செய்த உழைப்பையா என்பதே இன்றைய தலைப்பு. உழைப்பையே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், மடியில் கிடத்திக் கதை சொன்ன பாட்டியையும், அடி விழாமல் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக் காத்த பாட்டியையும் நம் கண்முன் நிறுத்தினார். அவையில் பலர் கண் கலங்கினார்கள், நானும் கலங்கினேன். ஆனால் அவர் பேசி முடித்தபோது, அந்தப் பாட்டி விடியுமுன் எழுந்து என்ன செய்தார், எதில் வல்லவராக இருந்தார், குடும்பம் தடுமாறிய நாளில் எந்த முடிவைத் துணிந்து எடுத்தார் என்பதில் ஒன்றுகூட நமக்குத் தெரியவில்லை. எல்லார் வீட்டுப் பாட்டிக்கும் பொருந்திவிடுகிற புகழுரையில், நாம் இழந்த அந்த ஒருவர் எங்கே இருக்கிறார்?

என் பாட்டி மறைந்த பிறகு அவருடைய அலமாரியில் ஒரு பழைய நோட்டு கிடைத்தது. வரவு செலவு எழுதத் தொடங்கிய நோட்டு அது. போகப் போக வீடு முழுவதும் அதற்குள் குடியேறிவிட்டது. யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தப் பேரப்பிள்ளையின் செருப்பு அளவு என்ன, கைமாற்றாக வாங்கிய தொகை, அதைத் திருப்பிக் கொடுத்த தேதி, கொடுத்து முடித்ததும் அதன்மேல் இழுத்த ஒற்றைக் கோடு என்று எல்லாம் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. ஒரு பக்கத்தில், சிறு வயதில் எனக்குக் கடுங்காய்ச்சல் கண்ட ஓர் இரவு இருந்தது. பத்து மணி, ஒரு மணி, நான்கு மணி, ஏழு மணி. ஒவ்வொன்றுக்கும் எதிரே தெர்மாமீட்டர் காட்டிய அளவு. மாத்திரை கொடுத்த நேரத்தின் அருகில் ஒரு புள்ளி. நான்கு மணிக்கு எழுதிய வரி மட்டும் கோணலாக, கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. காய்ச்சல் எப்போது ஏறியது என்று மறுநாள் மருத்துவர் கேட்டபோது வீட்டிலிருந்தவர்கள் ஆளுக்கொரு நேரத்தைச் சொல்ல, பாட்டி ஒன்றும் பேசாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினாராம். இதை என் தாயார் சொல்லித்தான் அறிந்தேன்.

நடுவர் அவர்களே, அந்த இரவைப் பாசம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால், தூக்கத்தை விரட்டிய மனவுறுதியும், மறந்துபோகும் என்று அறிந்து குறித்துவைத்த முன்யோசனையும், மூன்று மணிக்கொருமுறை தவறாமல் பார்த்த ஒழுங்கும் எங்கே போகும்? அதே வேலையை மருத்துவமனையில் ஒரு செவிலியர் செய்தால் திறமை என்று பாராட்டுகிறோம். வீட்டில் பாட்டி செய்தால் மட்டும், அது அவருடைய இயல்பு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பாசம் எல்லாருக்கும்தான் இருந்தது. அன்று விழித்திருந்து எழுதியவர் அவர் ஒருவரே.

இந்தப் பாராமுகம் நம் வீட்டு வாசலோடு நிற்கவில்லை. 1934ஆம் ஆண்டு அமெரிக்க செனட் சபைக்குத் தேசிய வருமானக் கணக்கை அளித்த பொருளியல் அறிஞர் சைமன் குஸ்னெட்ஸ், இல்லத்தரசிகளின் பணி மிகப் பெரியது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதை மதிப்பிட நம்பகமான அடிப்படை இல்லை என்று சொல்லிக் கணக்கிலிருந்து விட்டுவிட்டார். இன்றும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில், சொந்த வீட்டாருக்காக ஊதியமின்றிச் செய்யும் சமையலும் பிள்ளை வளர்ப்பும் நோயாளிப் பராமரிப்பும் சேர்வதில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 64 நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2018இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய ஊதியமற்ற பராமரிப்புக்கு நாளொன்றுக்கு 1,640 கோடி மணி நேரம் செலவாகிறது என்கிறது. 200 கோடிப் பேர் நாள்தோறும் எட்டு மணி நேரம் கூலியின்றி உழைப்பதற்கு அது சமம். அதில் 76.2 விழுக்காடு பெண்களுடையது. நாட்டின் கணக்கில் இடம் கிடைக்காதவருக்கு நம் இரங்கலுரையிலாவது இடம் வேண்டாமா?

கணக்குப் பார்த்தால் அன்பு கொச்சைப்படும் என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். அவருடைய அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் கூலி கேட்டு வரவில்லை, நினைவைக் கேட்டு வந்திருக்கிறேன். 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுப் பெண்கள் அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் ஒருநாள் நிறுத்திவைத்தார்கள். பள்ளிகளும் ஆலைகளும் முடங்கின. தந்தையர் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அந்தப் பெண்களுக்குத் தம் குடும்பத்தின்மேல் அன்பு குறைந்துவிட்டது என்று யாரால் சொல்ல முடியும்? அன்பு அன்றும் இருந்தது. உழைப்புதான் அன்று இல்லை. அடுத்த ஆண்டே அந்நாட்டில் ஆண் பெண் சமத்துவச் சட்டம் நிறைவேறியது.

தலைப்பில் உள்ள நெடிய வாழ்வு என்பதற்கும் வருகிறேன். என் வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பிள்ளை பெறும் பருவம் முடிந்த பிறகும் பெண் பல பத்தாண்டுகள் வாழ்வது விலங்குலகில் மிக அரிது. சில திமிங்கில இனங்களில் அதைக் காண்கிறோம். ஏன் இப்படி என்ற கேள்விக்கு விடை தேடிய மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் அவருடைய குழுவினரும் டான்சானியாவில் வேட்டையாடியும் காட்டில் உணவு சேகரித்தும் வாழும் ஹட்சா மக்களிடையே கண்டது கேட்கத்தக்கது. தாய்க்குக் கைக்குழந்தை இருக்கும் காலத்தில் மூத்த குழந்தைகளின் எடை கூடுவது, பாட்டி எவ்வளவு நேரம் உணவு தேடி உழைத்தார் என்பதைச் சார்ந்திருந்தது. கடினமான தரையிலிருந்து கிழங்கை அகழ்ந்தெடுத்த அந்த முதிய கைகள்தாம் பேரப்பிள்ளைகளை வளர்த்தன. பெண்ணுக்கு இத்தனை நீண்ட முதுமை வாய்த்ததற்கே பாட்டிமாரின் உழைப்பு காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் கருதுகோள். எல்லா அறிஞரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆயினும் அந்தக் குழந்தைகளின் எடையை உயர்த்தியது எது என்று கேட்டால், அகழ்ந்த கை என்றுதான் நான் சொல்வேன்.

பாட்டியே தம் உழைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லையே, நாம் ஏன் பேச வேண்டும் என்பது எதிரணியின் இன்னொரு வாதம். அவர் பேசவில்லை, உண்மைதான். ஆனால் எழுதி வைத்திருந்தார். தேதி போட்டு, நேரம் குறித்து, கடன் தீர்ந்ததற்குக் கோடு இழுத்து வைத்திருந்தார். அதைப் படித்துச் சொல்ல வேண்டிய கடமை மிஞ்சியிருக்கும் நம்முடையது.

அடுத்து எதிரணியிலிருந்து பேச வருபவரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டியின் அன்பைப் பற்றி நீங்கள் சொல்லப்போவதை நான் முழுமனத்துடன் கேட்பேன். அதற்கு முன்பு, அவர் தம் கையால் செய்த ஏதேனும் ஒரு வேலையை, எப்படிச் செய்தார் என்பதோடு, இந்த அவைக்குச் சொல்லுங்கள். வாய்ப்பளித்த நடுவர் அவர்களுக்கு நன்றி.