ஏற்காடு அடிவாரக் கிணற்றில் எடையில்லாத ஒரு நொடி

வணக்கம். பின்னால் தெரிவது சேர்வராயன் மலை. நான் உட்கார்ந்திருப்பது அடிவாரத்தில் பெரியப்பாவின் கிணற்று மேடு. கேமராவை மோட்டார் அறைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். காற்று மைக்கில் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அக்கா மகன் கேட்டான்: "மாமா, சுவிட்சைத் தட்டினால் ஈர்ப்பு விசை நின்றுபோகிற அறையில்தான் விண்வெளி வீரர்களைப் பழக்குகிறார்களாமே?" அப்படி ஓர் அறை பூமியில் எங்கும் கிடையாது. இருந்திருந்தால் நம் ஊர் இரும்பாலையில் எப்போதோ ஒன்று வாங்கிப் போட்டிருப்பார்கள்.

சர்வதேச விண்வெளி நிலையம் பறப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். தரையில் இருக்கிற ஈர்ப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் அங்கும் இருக்கிறது. ஆனால் நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் பாய்வதால், விழ விழ பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. எல்லாமே சேர்ந்து விழும்போது யாரை யார் தாங்குவது? தாங்க எதுவும் இல்லாததால் எடை தெரிவதில்லை.

ஏற்காடு பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். ஓட்டுநர் வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டால் நாமும் மடியிலிருக்கும் பையும் ஒன்றாக எழும்புவோம். அந்த அரை நொடி அசல் எடையின்மை. அந்த அரை நொடியை 22 நொடியாக நீட்டுவதற்கு ஒரு விமானம் இருக்கிறது. மூக்கைத் தூக்கிச் சாய்வாக ஏறி, பிறகு எறிந்த கல் போகிற வளைவில் அப்படியே போகும். கல் இறங்கும்போது மட்டுமல்ல, கையை விட்டதிலிருந்தே எடையற்றதுதான். அதனால் விமானம் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே உள்ளே இருப்பவர்கள் மிதக்கத் தொடங்கிவிடுவார்கள். வளைவின் இரு முனையிலும் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகி ஆளை அழுத்தும். பிரான்சின் போர்தோவிலிருந்து கிளம்பும் ஏர்பஸ் ஏ310 ஒரே பயணத்தில் இதை 31 முறை செய்கிறது. அமெரிக்கர்கள் தங்கள் விமானத்துக்கு வைத்த செல்லப்பெயர் 'வாந்தி வால்நட்சத்திரம்'. இருபது கொண்டை ஊசி வளைவுக்கே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போகிறவன் நான். அந்த டிக்கெட் எனக்கு வேண்டாம். ககன்யான் வீரர்கள் நால்வரும் ரஷ்யாவில் ஐஎல்-76 விமானத்தில் இந்தப் பயிற்சியை எடுத்தார்கள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

ஆனால் 22 நொடியில் ஒரு திருகாணியைக்கூட ஒழுங்காகக் கழற்ற முடியாது. இங்கேதான் கிணறு வருகிறது.

சிறுவயதில் எங்களுக்கு நீச்சல் பழக முதுகில் சுரைப்புருடை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கை, கட்டிவிடுவார்கள். அது தூக்கும். அடிமண் எடுத்து வருகிற பந்தயத்துக்குக் கல்லைக் கட்டிப்பிடித்துக் குதிப்போம். அது இழுக்கும். ஒருமுறை கல்லை விட மறந்து தண்ணீரைக் குடித்து, பெரியப்பா தலைமுடியைப் பிடித்துத் தூக்கியது தனிக் கதை. சுரைப்புருடையும் கல்லும் சரிக்குச் சரியாக அமைந்தால் மேலேயும் போகமாட்டோம், கீழேயும் போகமாட்டோம். ஹூஸ்டனில் நாசாவின் பயிற்சிக் குளத்தில் நடப்பது இதுதான். நீளம் 202 அடி, அகலம் 102 அடி, ஆழம் 40 அடி. அடியில் விண்வெளி நிலையத்தின் பாகங்களை அசல் அளவிலேயே செய்து இறக்கியிருக்கிறார்கள். விண்வெளி உடையோடு ஆளை இறக்கி, முக்குளிப்பவர்கள் எடைக்கட்டியையும் மிதவையையும் மாற்றி மாற்றிச் செருகிச் சமன் செய்வார்கள். ஒரு தடவை இறங்கினால் ஆறு மணி நேரம்வரை வேலை.

குளத்தில் பழகிவிட்டுப் போக வேண்டும் என்ற பாடத்தை 1966-இல் பட்டுத்தான் கற்றார்கள். ஜூன் மாதம் அமெரிக்காவின் ஜெமினி 9 விண்கலத்திலிருந்து விண்வெளியில் வெளியே வந்த வீரர் யூஜின் செர்னனுக்குப் பிடித்துக்கொள்ளச் சரியான கைப்பிடி இல்லை. எதைத் திருகினாலும் அவர் உடம்புதான் எதிர்ப்பக்கம் சுழன்றது. முகக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, களைத்துப்போய், வேலையைப் பாதியில் விட்டுத் திரும்பினார். இன்னொரு வீரரான பஸ் ஆல்ட்ரின் நீச்சல் குளத்துக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு நவம்பரில் ஜெமினி 12-இல் போனார். அதில் கைப்பிடிகளும் பாதத்தைப் பொருத்தும் இடங்களும் கூட்டப்பட்டிருந்தன. வெளியே அவர் செய்த மொத்த வேலை ஐந்து மணி நேரத்துக்கும் மேல். விமானமா குளமா என்று கேட்டால் என் ஓட்டு குளத்துக்குத்தான்.

குளத்திலும் ஏமாற்று உண்டு. தண்ணீர் கையைத் தடுக்கும். விண்வெளியில் தட்டிவிட்ட ஸ்பேனர் போய்க்கொண்டே இருக்கும். உடைதான் மிதக்கிறது, உள்ளே இருக்கும் ஆளுக்கு எடை உண்டு. தலைகீழாகத் திரும்பினால் உடம்பின் பாரம் தோளில் இறங்கி, ரத்தம் முகத்துக்கு வந்துவிடும்.

சரி, இடுப்பில் கூழாங்கல் பை கட்டியாயிற்று. மேட்டிலிருந்து தண்ணீர் இருபது அடி கீழே. குதித்தால் ஒரு நொடிக்குச் சற்றே கூடுதலாக நானும் எடையில்லாதவன்தான்.

வந்துவிட்டேன். தலை துவட்டவில்லை, மன்னியுங்கள். நான்கு முறை கல்லைக் கூட்டிக் குறைத்தும் ஓரிடத்தில் நிற்க முடிந்தது பத்து நொடிகூட இருக்காது. மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினால் மேலே வருகிறேன், கொஞ்சம் விட்டால் கீழே போகிறேன். பெரியப்பா மோட்டார் போட வந்துவிட்டார். கேமராவை எடுக்க வேண்டும்.