பவளம் ஏன் நொண்டுறா? இன்னும் தெரியல மக்களே

வணக்கம் மக்களே. நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, எங்க குதிரை பவளம் எப்படி இருக்கான்னு. இருக்கா. நல்லா சாப்பிடறா, தண்ணி குடிக்கிறா, பக்கத்துல போனா என் ஸ்வெட்டர் பாக்கெட்டை மோந்து பாத்து கேரட் தேடுறா. ஆனா நடக்கும்போது இன்னும் காலைத் தாங்குறா. ஏன்னு தெரியல. டாக்டரம்மாவுக்கும் இன்னும் முழுசா பிடிபடல.

புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிடறேன். நாங்க கொடைக்கானல். தாத்தா காலத்துலேருந்து ஏரியைச் சுத்தி குதிரை சவாரிதான் பிழைப்பு. பவளம் மட்டக்குதிரை, 14 வயசு. தம்பி நடக்கப் பழகினதே அவ பிடரியைப் பிடிச்சுக்கிட்டுதான். அதனால வீட்ல யாரும் அவளை "அது"ன்னு சொல்ல மாட்டோம், சொன்னா அப்பத்தா திட்டும்.

சரி, நொண்டுறதுன்னா எப்படி? மூணு கால்ல குதிக்கிற அளவுக்கு இல்ல. சும்மா நின்னா ஒண்ணுமே தெரியாது. கொஞ்சம் ஓட விட்டாதான் தெரியும். டாக்டரம்மா அப்பாவை தார் ரோட்டுல கயித்தைத் தளர்வா பிடிச்சு ஓட்டச் சொன்னாங்க. என்னை தலையைப் பாக்கச் சொன்னாங்க. நாம காலைத்தானே பாப்போம்? முன்னங்கால்ல வலி இருந்தா, அந்தக் கால் தரையில படும்போது தலை மேல போகும். நல்ல கால் படும்போது தலை கீழ இறங்கும். இந்த இடத்துலதான் முக்கால்வாசி பேரு குழம்பிடறாங்க. தலை குனியுற பக்கம்தான் வலின்னு நினைச்சு நல்ல காலைப் போட்டு அமுக்கிட்டு இருப்பாங்க. பின்னங்கால்னா இடுப்பைப் பாக்கணும், வலிக்கிற பக்கம் ஜாஸ்தி ஏறி இறங்கும். கண்ணை மூடிட்டு சத்தம் கேட்டாலும் புரியும். டக் டக் டக்னு சீரா வராது, வலிக்கிற கால் மெதுவா விழும்.

பவளத்துக்கு இடது முன்னங்கால்னு அன்னைக்கு முடிவாச்சு. குளம்புதான் முதல் சந்தேகம். குதிரைக்கு உடம்பு பாரத்துல சுமார் 60 சதவீதம் முன்னங்காலுக்குத்தான் போகுது, அதுலயும் பிரச்சினை பெரும்பாலும் குளம்புக்குள்ளதான் இருக்கும். இடுக்கி மாதிரி ஒண்ணை வெச்சு குளம்பைச் சுத்தி அமுக்கிப் பாத்தாங்க, காலை இழுக்கவே இல்ல. லாடத்தைக் கழட்டி ஆணி உள் சதையில ஏறியிருக்கான்னு பாத்தாங்க, இல்ல. சீழ் கோத்திருந்தா ராத்திரியோட ராத்திரி பயங்கரமா நொண்டும், குளம்பு சுடும், குளம்புக்கு மேல கை வெச்சா நாடி தெறிக்கும். அதுவும் இல்ல. மட்டக்குதிரைக்கு அதிகமா வர்ற குளம்பு அழற்சியான்னும் பாத்தாங்க. அது வந்தா முன்னங்காலை முன்னாடி நீட்டி பின்னாடி சாஞ்சு நிக்கும். இவ நிக்கிறது நேராத்தான்.

அப்புறம் மரத்துப் போற ஊசி. கீழேருந்து மேல ஒவ்வொரு இடமா மரத்துப் போக வெச்சு ஓட்டிப் பாப்பாங்க, எங்க நொண்டல் நிக்குதோ வலி அதுக்குக் கீழ. குளம்புக்கிட்ட போட்டதும் பாதி சரியாச்சு. பாதி! முழுசா சரியாகியிருந்தா ஒரு பதில், ஆகலேன்னாலும் ஒரு பதில். பாதிய வெச்சு என்ன பண்றது?

இதுல இன்னொரு கூத்து, கொஞ்ச நாள் ஓய்வுக்கு அப்புறம் இடது நல்லாருக்கு, வலது தாங்குறா. எங்க அப்பா அப்படியே திண்ணையில உக்காந்துட்டார்.

ஆனா கால் மாறினதுதான் டாக்டரம்மாவை வேற பக்கம் யோசிக்க வெச்சுது. என்ன தீனி போடறீங்கன்னு கேட்டாங்க. பச்சைப்புல், கோதுமைத் தவிடு, கொஞ்சம் கொள்ளு. பரம்பரையா போடறதுதான். தவிட்டுல பாஸ்பரஸ் ஜாஸ்தி, கால்சியம் கம்மி. அதோட இங்க மலையில கிகுயு புல் நிறைய. அதுல ஆக்சலேட்னு ஒண்ணு இருக்கு, புல்லுல இருக்கிற கால்சியத்தைக் கட்டிப் போட்டுடும், குதிரை குடலால அதை எடுக்க முடியாது. அதே புல்லை மாடு தின்னா பெருசா ஒண்ணும் ஆகாது, மாட்டு வயித்துல இருக்கிற நுண்ணுயிர் ஆக்சலேட்டை உடைச்சிடும். குதிரைக்கு உடம்பு என்ன பண்ணும்னா எலும்புலேருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குக் குடுக்கும். எலும்பு, மூட்டு, தசைநார் எலும்போட ஒட்டுற இடம் எல்லாம் வலிக்கும். இன்னைக்கு இந்தக் கால், நாளைக்கு அந்தக் கால்.

கேக்கும்போதே எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு, பதில் கிடைச்சிருச்சேன்னு. ரத்தம் எடுத்தாங்க. கால்சியம் சரியாத்தான் இருக்கு. அங்கதான் சிக்கலே. எலும்பைக் கரைச்சு ரத்தத்துல அளவைச் சரியா வெச்சுக்கிறதால, நோய் இருந்தாலும் ரத்தம் நல்லாருக்குன்னு காட்டலாம். எக்ஸ்ரேல தெரியணும்னா எலும்பு நிறைய கரைஞ்சிருக்கணும். முத்திப் போனா மூஞ்சி வீங்குமாம், இவளுக்கு வீங்கல. பக்கத்துக் கொட்டகைக் குதிரைங்களும் இதே புல், இதே தவிடுதானே, அதுங்க நொண்டலையேன்னு அப்பா கேக்கறார். நியாயமான கேள்வி. "சந்தேகம்தான்மா, முடிவு இல்ல"ன்னாங்க டாக்டரம்மா. இப்படிச் சொல்ற டாக்டரை நான் நம்புவேன். கண்ணால பாத்ததும் பட்டுன்னு ஒரு பேரைச் சொல்றவங்களை விட.

ஏன்னா பட்டுன்னு சொல்ல ஊருல ஆளுக்குப் பஞ்சமே இல்ல. கண்ணு பட்டிருச்சுன்னு அப்பத்தா மிளகாய் சுத்திப் போட்டுச்சு, அதுல யாருக்கும் நஷ்டம் இல்ல. ஒருத்தர் சூடு போடச் சொன்னார். வலி எங்கன்னே தெரியாம பழுக்கக் காய்ச்சின கம்பியை வெச்சு புதுசா ஒரு புண்ணு பண்றதா? முடியாதுன்னுட்டோம். இன்னொருத்தர் மனுஷங்களுக்குப் போடற டைக்ளோஃபினாக் ஊசியைக் கொண்டு வந்துட்டார். கால்நடைக்கு அதை 2006லயே நம்ம நாட்டுல தடை பண்ணிட்டாங்க. அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ன பிணந்தின்னிக் கழுகுங்க கூட்டம் கூட்டமா அழிஞ்சுது. தடை இல்லாத வலி மருந்தா இருந்தாலும் டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடி குடுக்காதீங்க, வலி மறைஞ்சிடும், அவங்க எதைப் பாப்பாங்க?

"வித்துடுங்க, இல்லேன்னா அவுத்து விட்டுடுங்க"ன்னும் சொன்னாங்க. மலை ஊர்ல சீசன் முடிஞ்சதும் ரோட்டுல குப்பை மேயுற குதிரையை நீங்களே பாத்திருப்பீங்க. இதுக்கு நான் பதிலே சொல்லல.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போகலாமேன்னு கேக்கறீங்க. ஆசைதான். ஆனா கால் வலிக்கிற குதிரையை வண்டியில ஏத்தி, மலை வளைவு அத்தனையும் நின்னுக்கிட்டே இறக்கணும். ஒவ்வொரு வளைவுலயும் காலை ஊனித்தான் நிக்கணும். அதனால முதல்ல தீனி மாத்தம், ஓய்வு, அப்புறம் இங்கயே தூக்கிட்டு வர்ற எக்ஸ்ரே மிஷின், அதுலயும் தெரியலேன்னா நாமக்கல்னு முடிவு. அவசரம்னா 1962க்குப் போன் பண்ணுங்க, கால்நடை ஆம்புலன்ஸ், காசு கிடையாது.

இப்ப தவிடு நிறுத்தியாச்சு. மலைக்குக் கீழேருந்து குதிரைமசால்ங்கிற பசுந்தீவனம் வருது, அதுல கால்சியம் நல்லா இருக்கு. டாக்டர் குடுத்த தாது உப்பு, அளவு பாத்து. எலும்பு தேற மாசக்கணக்காகும்னு சொல்லிட்டாங்க. சவாரி அறவே கிடையாது. சீசன் வருமானம் போச்சு, அதை மறைக்க ஒண்ணுமில்ல. கஷ்டம் என்னன்னா, தினம் காலையில ஓட்டிப் பாக்கும்போது நல்லாருக்க மாதிரியே என் கண்ணுக்குத் தெரியும். ஆசை அப்படி. அதனால ஒரே ரோடு, ஒரே நேரம், ஒரே இடத்துல ஃபோனை வெச்சு எடுக்கிறேன். தம்பி தேதியை மறைச்சு ரெண்டு வீடியோவைக் காட்டுவான், எது புதுசுன்னு நான் சொல்லணும். போன தடவை பழசைக் காட்டி புதுசுன்னேன். அவன் சிரிக்கல.

வீட்ல குதிரை வெச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நல்லா நடக்கும்போதே வீடியோ எடுத்து வைங்க. முன்னாடி எப்படி நடந்துச்சுன்னு டாக்டரம்மா கேட்டப்ப எங்ககிட்ட நூத்துக்கணக்குல வீடியோ இருந்துச்சு, எல்லாத்துலயும் மேல உக்காந்திருக்கிற குழந்தை சிரிக்குது, கால் மட்டும் இல்ல. கெட்டியான ரோட்டுல, முன்னாடிலேருந்து ஒண்ணு, பின்னாடிலேருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. கயிறு தளர்வா இருக்கட்டும். தலையும் நாலு குளம்பும் ஃப்ரேமுக்குள்ள வரணும், ஓட்டுறவர் மூஞ்சி வரலேன்னாலும் பரவாயில்ல.