கொலையாளி யாரென்று தெரிந்த பிறகு

நடுவர் அவர்களே, மஞ்சக்குப்பத்து நண்பர்களே! வக்கீல் நாயகனாக வரும் மர்ம நாவலில் வாசகரைக் கட்டிப்போடுவது கொலைப் புதிரா, வக்கீலின் பழைய கறையா? கறையே என்பது எங்கள் அணி.

கறைபடிந்தவர் கறுப்பு அங்கி போடுவதை யார் நம்புவார் என்றார் எதிரணித் தலைவர். ஐயா, தண்டனை பெற்றவர்கூட விடுதலையாகி இரண்டு ஆண்டுகள் கழிந்தால் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் அவருக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. குடிப்பழக்கம், பிரிந்த மனைவி எல்லாம் பக்கம் நிரப்பும் சரக்கு என்றார். அது உண்மைதான். அவை கறையல்ல, ஒப்பனை.

நானே ஒரு கதை சொல்கிறேன். எழுதுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், ராயல்டி வேண்டாம். கடலூர் முதுநகரில் ஒரு கொலை. முப்பதாம் பக்கத்திலேயே கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்லிவிடுகிறார்: "நான்தான் வெட்டினேன்." புதிர் முடிந்தது. அதை வெளியே சொல்ல 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும் விடவில்லை, 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் விடவில்லை.

அரசுத் தரப்பின் ஒரே கண்கண்ட சாட்சி பத்து வயதுப் பையன். கேள்வி புரிந்து பதில் சொல்லத் தெரிந்தால் சிறுவன் சொல்வதும் சாட்சியம்தான். நீதிபதி பெயர், பள்ளி எல்லாம் கேட்டுத் திருப்தி அடைகிறார். பையன் ஒப்பிக்கிறான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு விரலைத் தொட்டுக்கொள்கிறான். அது வக்கீல் கண்ணில் மட்டும் படுகிறது. ஏனென்றால் இதே வயதில், இதே கூண்டில், விரல்விட்டு மனப்பாடம் செய்த பொய்யைச் சொல்லி, ஒரு நிரபராதியைக் கேப்பர் மலைச் சிறைக்கு அனுப்பியவர் அவர்.

குறுக்கு விசாரணைக்கு எழுகிறார். "தம்பி, இதைச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு உனக்கு என்ன வாங்கித் தந்தார்கள்?" இந்த ஒரு கேள்வி போதும், பையன் உடைந்துவிடுவான். கொலைகாரன் விடுதலையாகி வீடு திரும்புவான். கேட்காமல் உட்கார்ந்தால் வாங்கிய வக்காலத்துக்குத் துரோகம். அந்தப் பையனும் இவரைப்போலவே காலமெல்லாம் அந்தப் பொய்யோடு வாழ வேண்டும்.

வெட்டியது யாரென்று உங்களுக்குத் தெரியும். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போவீர்களா? வக்கீலின் கறையைத் துடைத்துப் பாருங்கள்: விரல் கண்ணில் படாது, கேள்வி பிறக்காது, அது இன்னொரு வாய்தா நாள், அவ்வளவுதான்.

நடுவர் மணியடிக்கிறார். எதிரணியில் அடுத்துப் பேச வரும் அம்மையார், அந்தப் பையனிடம் தாம் என்ன கேட்பார் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும்.