தேடி வர ஆளில்லாத ஊர்

வணக்கம். நேயர்களில் பலர் நிலநடுக்கத்தை உணர்ந்திருக்க மாட்டீர்கள். ஆனால் பாரமேற்றிய லாரி தெருவைக் கடக்கும்போது அலமாரியில் பாத்திரங்கள் கலகலப்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஓசையைக் காதில் வைத்துக்கொண்டு, இடைக்கால அரபு வரலாற்றாசிரியர்களிடம் போவோம்.

அவர்களில் பலர் ஆண்டுவாரியாக எழுதியவர்கள். ஹிஜ்ரி ஆண்டைத் தலைப்பாக இட்டு, போர், பதவி மாற்றம், பஞ்சம், மறைந்த அறிஞர்கள் என்று சொல்லிவரும்போது, இடையே நிலநடுக்கமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஈரானின் கூமிஸ் பகுதியில் ஹிஜ்ரி 242ஆம் ஆண்டில், அதாவது 856இல், 45,096 பேர் மாண்டதாக அத்தபரி எழுதுகிறார். இடிபாடுகளுக்கு நடுவே அந்தக் கடைசி ஆறு பேர் வரை எண்ணியது யார் என்பது எனக்கு நெடுநாளைய ஐயம்.

டமாஸ்கஸ் நகரத் தலைவராக இருமுறை இருந்த இப்னுல் கலானிஸி வேறு வகை. 1156 இலையுதிர்காலம் தொடங்கிச் சிரியாவை உலுக்கிய அதிர்ச்சிகளை, கணக்குப்பிள்ளை பேரேடு எழுதுவதுபோல், நாளும் வேளையும் சொல்லிப் பதிந்துவைத்தார். பேரழிவு 1157 ஆகஸ்டு 12இல் வந்தது. ஹமா நகரம் இடிந்து விழுந்தது.

அந்த ஹமாவைப் பற்றி, மூன்றாண்டு கழித்துப் பிறந்த இப்னுல் அஸீர் ஒரு செய்தி தருகிறார். ஓதும் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஏதோ வேலையாகச் சற்று வெளியே போனார். அதற்குள் நிலம் நடுங்கிப் பள்ளிக்கூடம் பிள்ளைகள் அத்தனை பேர் மேலும் சரிந்தது. பிற்பாடு அவர் சொன்னாராம்: தம்மிடம் ஓதிய ஒரு பிள்ளையைப் பற்றிக்கூட விசாரிக்க யாரும் வரவில்லை. கவனியுங்கள், இதில் ஓர் எண்கூட இல்லை. பிள்ளையைத் தேடிப் பெற்றவர் வரவில்லை என்றால் வீட்டில் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நாமே கணக்கிட்டுக்கொள்கிறோம். அத்தபரியின் நாற்பத்தைந்தாயிரத்தைவிட இந்த ஒற்றை வரியையே நான் பெரிதாக மதிக்கிறேன். இதை எத்தனையோ மேடைகளில் சொல்லிவிட்டேன், இங்கும் சொல்கிறேன்.

1202 மே 20 விடியற்காலையில் கெய்ரோவில் இருந்த மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல் பக்தாதி, நிலம் சல்லடைபோல் ஆடியது என்றும், பறவை சிறகை உயர்த்தித் தாழ்த்துவதுபோல் அசைந்தது என்றும் எழுதினார். சல்லடை பக்கவாட்டில் ஆடும், சிறகு மேலும் கீழுமாக அசையும். எந்தக் கருவியும் இல்லாத காலத்தில் இரண்டையும் உடலால் பிரித்தறிந்திருக்கிறார். இதே நடுக்கத்தைச் சிலர் ஹிஜ்ரி 597இலும் சிலர் 598இலும் எழுதிவைத்ததால், பிற்காலத்தார் ஒன்றை இரண்டாக எண்ணியதும் உண்டு. இதற்குச் சொல்லப்படும் பதினோரு லட்சம் உயிரிழப்பிலோ, அப்போது எகிப்தை வாட்டிய பஞ்சத்தின் சாவும் கலந்திருக்கிறது.

நிலநடுக்கங்களுக்கென்றே தனி நூல் தொகுத்த கெய்ரோ அறிஞர் அஸ்ஸுயூத்தியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல்கள் உயர்ந்து, இப்போது ஒன்றாகிவிட்டன. அவர் 1505இல் மறைந்தார் என்பதோடும், முன்னோர் நூல்களில் சிதறிக் கிடந்தவற்றை ஆண்டு வரிசையில் ஒன்றுசேர்த்தவர் என்பதோடும் நிறுத்திக்கொள்கிறேன். வணக்கம்.