காற்று போகும் வழியும் தண்ணீர் போகும் வழியும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் 28 ஆண்டுகளாக ஏசி பழுது பார்த்து வருகிறவன் என்பதால், வீட்டு ஏசியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் இரண்டு வழிகளை மறக்காமல் விட்டுக் கட்டினார்கள். முகப்பு வாசலில் நின்று பார்த்தால் முற்றத்தைச் சுற்றிய உள்கட்டான வளவைத் தாண்டிப் பின்வாசல்வரை ஒரே நேராகத் தெரியும். அது காற்று போகும் வழி. ஓட்டில் விழும் மழை முற்றத்தில் இறங்கி வெளியேறும். அது தண்ணீர் போகும் வழி. சுவரில் மாட்டியிருக்கும் ஏசிக்கும் இந்த இரண்டு வழிகள்தாம் உயிர்.

குளிர்ச்சி குறைந்தவுடன், "கேஸ் தீர்ந்துபோச்சு, வந்து போட்டு விடுங்க" என்றுதான் பெரும்பாலோர் என்னை அழைக்கிறார்கள். அடுப்பு கேஸ் எரிந்து தீர்வதுபோல ஏசியின் கேஸ் தீர்வதில்லை. மூடிய செப்புக் குழாய்களுக்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருக்கிறதென்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். இதை நான் போகிற வீட்டிலெல்லாம் சொல்கிறேன், இங்கும் சொல்கிறேன்: கேஸ் தானாகத் தீராது.

சில ஆண்டுகளுக்கு முன்பு கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். ஐயாவுக்கு வயது நிறைவுச் சாந்தி விழா, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்று, பல மாதங்கள் பூட்டிக் கிடந்த மாடி அறையைத் திறந்து இரண்டு நாள் ஏசியை ஓட விட்டிருக்கிறார்கள். குளிர்ச்சியும் இல்லை, காற்றும் இல்லை. முதலில் வந்து பார்த்த ஒருவர் கேஸ் போட வேண்டும் என்று ஒரு தொகையைச் சொல்லிப் போயிருந்தார். நான் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தபோது ஃபில்டர் வலையின் கண் ஒன்றுகூடத் தெரியவில்லை. செம்மண் தூசியும் சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புப் பொடியும் படிந்து, கம்பளித் துண்டு ஒட்டியதுபோல் இருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பியதும் ஒரே தகடாக உரிந்து வந்தது. அதற்குப் பின்னால், காற்றைக் குளிர வைக்கும் குழாய்ச் சுருளான ‘காயில்’ முழுவதும் வெள்ளைவெளேரென்று பனி. காற்று உள்ளே புகாவிட்டால் காயிலின் குளிர் அங்கேயே தங்கிவிடும், ஈரம் உறைந்து பனியாகும், அந்தப் பனி மிச்சமிருக்கும் காற்றையும் அடைத்துவிடும்.

ஏசியை நிறுத்திப் பனி உருகக் காத்திருந்தோம். உருகிய தண்ணீர் வெளியே போகாமல் சுவரில் வழிந்தது. வெளியே போய்ப் பார்த்தால், ஏசித் தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப்பின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்பு பூசி, கண்ணாடிபோல் மெருகேற்றிய சுவர் அது. ஏற்கெனவே ஒரு முழ நீளத்துக்குப் பழுப்புக் கறை இறங்கியிருந்தது. "ஏசி போனா வேற வாங்கிக்கலாம் தம்பி, இந்தச் சுவத்த இனி யாரு பூசித் தருவா?" என்று ஆச்சி கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. கூட்டைக் கம்பியால் எடுத்தேன், ஃபில்டரைக் கழுவி உலர்த்தி மாட்டினேன். மாலைக்குள் அறை குளிர்ந்தது. கேஸைத் தொடவே இல்லை.

ஆகவே, ஏசி ஓடுகிற மாதங்களில் 15 நாளுக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள். சுவிட்சை நிறுத்தி, மூடியைத் தூக்கி, வலையை உருவி, தூசி படியாத பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சினால் அழுக்கு வந்த வழியே போய்விடும். வெந்நீர் வேண்டாம், முரட்டு பிரஷ் வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்து, பிறகு பொருந்தாது. நிழலில் என்பதை மறக்க வேண்டாம்.

தண்ணீர் சொட்டுவதைச் சிலர் பழுது என்று நினைக்கிறார்கள். 1902-இல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் வடிவமைத்த, இன்றைய ஏசிக்கு முன்னோடியான கருவியின் நோக்கமே காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதுதான். காற்றிலிருந்து பிரிந்த அந்த ஈரம்தான் தண்ணீராகச் சொட்டுகிறது, அது வெளியே சொட்டுவது நல்லது. உள்ளே சொட்டினால்தான் பழுது. குழாய் சரிவாக இறங்க வேண்டும். செடிகளுக்காக அந்தத் தண்ணீரை வாளியில் பிடிப்பவர்கள், குழாயின் வாய் வாளித் தண்ணீருக்குள் மூழ்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூழ்கினால் தண்ணீர் இறங்காமல் உள்ளே திரும்பும்.

நேரம் நெருங்கிவிட்டதாக எதிரே கை காட்டுகிறார்கள். வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அதைச் சுற்றிச் சருகும் சாமானும் சேர விடாதீர்கள், வெயிலுக்குப் பயந்து நாலு பக்கமும் அடைக்காதீர்கள், கோடைக்கு முன் ஒருமுறை வேலை தெரிந்த ஒருவரை வைத்து, தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் வாட்டர் சர்வீஸ் செய்துவிடுங்கள். அதன் மூடியை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும், மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்பான கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். வணக்கம்.