டகோமா பிக்கப் லிஃப்ட்: பின் ஆக்சில், சைலன்சர் குழாய், நடுவுல இருக்கிற இடைவெளி

[காட்சி: ஸ்டாண்ட் மேல நிக்கிற பிக்கப், கீழே இருந்து]

வணக்கம். அமெரிக்காவுல ஓடுற டொயோட்டா டகோமாவோட பின்பக்கம் இது. 2005 மாடல்ல இருந்து 2023 மாடல் வரைக்கும் வந்த டகோமா எல்லாத்துக்கும் பின்னாடி பட்டை ஸ்பிரிங்தான், அதாவது ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின இரும்புப் பட்டைகள். லிஃப்ட் பண்றவங்க, அதாவது வண்டியோட உயரத்தை ஏத்துறவங்க, கனமான பட்டைக் கட்டு, நீளமான ஷேக்கிள் (பட்டையோட பின் முனையை வண்டிச் சட்டத்துல மாட்டுற இணைப்பு), நீளமான ஷாக் அப்சார்பர் மாட்டுவாங்க. வேலையை இழுக்கிறது பெரும்பாலும் சைலன்சர் குழாய்தான்.

குழாய் போற வழியைப் பாருங்க. வலது பக்கமா வந்து, ஆக்சிலுக்கு (ரெண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற தண்டு) மேல வளைஞ்சு ஏறி இறங்கி, வலது பின் சக்கரத்துக்குப் பின்னால வெளிய வருது. குழாய் சேஸ்ல, அதாவது வண்டிச் சட்டத்துல, ரப்பர் போட்டுத் தொங்குது. ஆக்சில் அப்படி இல்ல, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஏறி இறங்கும்.

[காட்சி: ஆக்சிலுக்கும் குழாய்க்கும் நடுவுல டேப்]

லிஃப்ட் முடிச்சு தரையில நிறுத்தினா இந்த இடைவெளி முன்ன விட அதிகமாவே தெரியும். அதை நம்பிடாதீங்க. லோடு ஏத்திப் பள்ளத்துல விழுந்தா ஆக்சில் பம்ப் ஸ்டாப் (அதுக்கு மேல ஏறாம தடுக்கிற ரப்பர் கட்டை) வரைக்கும் எழும்பும். நீங்க புதுசா மாட்டின ஏர் பேக் (லோடு தாங்க ஸ்பிரிங்குக்கு உதவுற காத்துப் பை) பிராக்கெட், மேல் நோக்கி நிக்கிற யு போல்ட் (பட்டையை ஆக்சிலோட இறுக்கிப் பிடிக்கிற போல்ட்) முனை எல்லாம் அதோட சேர்ந்து எழும்பும். இடிக்கிறது அங்கதான்.

அதை எப்படிப் பார்க்கிறது? முழுப் பட்டைக் கட்டோட ஜாக்கி அடிச்சா ஸ்பிரிங் அமுங்காது, வண்டிதான் மேல போகும். அதனால முதல்ல கட்டுல இருக்கிற நீளமான மெயின் பட்டையை மட்டும் மாட்டுங்க. சேஸை ஸ்டாண்ட்ல நிறுத்திட்டு, ஆக்சிலை பம்ப் ஸ்டாப் தொடுற வரைக்கும் மெதுவா தூக்குங்க. அப்புறம் வலது பக்கத்தை மட்டும் தூக்கி, இடது பக்கத்தைத் தொங்க விட்டுப் பாருங்க. கடைசியா ரெண்டு பக்கமும் தொங்கட்டும். அப்ப பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபட்டுக் குழாய் பக்கம் சாயுதான்னு கவனிங்க. பலர் விட்டுடுற சோதனை இது. எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம்.

சூட்டையும் கணக்குல வைங்க. 3 மீட்டர் இரும்புக் குழாய் 300 டிகிரி செல்சியஸ் சூடேறினா கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர் நீளும். இரும்புக்கும் குழாய்க்கும் நடுவுல குறைஞ்சது 25 மில்லிமீட்டர் விடணும்ங்கிறது என் கணக்கு. ரப்பர்னா அதைப் போல மூணு மடங்கு. ஏர் பேக் பக்கத்துல குழாய் போனா வெப்பத் தகடு இல்லாம விடவே கூடாது.

[காட்சி: ஹேங்கர் ரப்பரைக் கழற்றும் கை]

பட்டையோட முன் போல்ட்டை உருவ உள்பக்கம் இடம் பத்தலேன்னா, சோப்புத் தண்ணி தடவி ஹேங்கர் ரப்பரைக் கழற்றிக் குழாயை இறக்குங்க. கீழ ஒரு முட்டு கொடுங்க, சென்சார் ஒயர்ல எடை விழக்கூடாது. இடது பக்கம் பெட்ரோல் டேங்க் இருக்கு. அங்க கேஸ் டார்ச் வச்சுச் சூடு காட்டாதீங்க.

இன்னும் இடிக்குதா? கிளாம்பைத் தளர்த்திக் குழாயைத் திருப்புங்க. பத்தலேன்னா ஹேங்கரை நகர்த்துங்க. அதுக்கும் மசியலேன்னா வளைவை வெட்டிப் புது வளைவு வெல்டிங் பண்ணணும். சுத்தியலால குழாயை நசுக்காதீங்க, புகை போற வழி அடைபடும். ஆக்சிலுக்கு முன்னாலயே வெட்டி விடுறதும் வேண்டாம், கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள்ள ஏறலாம். முன்னாடி இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையோட நச்சைக் குறைக்கிற பாகம்) மேல கையே வைக்காதீங்க. அதைக் கழற்றுறது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

யு போல்ட் புதுசாதான் போடணும், பழசு ஏற்கெனவே நீண்டிருக்கும். பட்டை முனையில ரப்பர் புஷ் வழியா போற போல்ட்டை வண்டி எடை சக்கரத்துல நிக்கும்போது முறுக்குங்க. 800 கிலோமீட்டர் ஓடினதும் டார்க் ரெஞ்சை (முறுக்கு அளவு பார்த்து இறுக்குற ஸ்பானர்) வச்சு யு போல்ட்டை மறுபடி பாருங்க. அப்படியே டார்ச் அடிச்சுக் குழாயோட மேல் வளைவைச் சுத்திப் பாருங்க. உரசின இடம் பளபளன்னு தெரியும்.